லாரெடோ பெர்த்தா

ஒடீலியாவுக்கு வேலையே முகத்தைக் காட்டாமல் பேசுவதுதான். சர்சமோரா தெருவில் அவள் வேலை பார்க்கும், சோள ரொட்டியில் கறி மடித்து விற்கும் டாக்கோ கடையில், காரை விட்டு இறங்கச் சோம்பல்படுகிறவர்களுக்காக வெளியே ஒரு பேச்சுப் பெட்டியை நட்டு வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் வண்டி வந்து நின்றால், உள்ளே அவள் தலையில் மாட்டியிருக்கும் ஹெட்போனில் ஒரு மணி அடிக்கும். "என்ன வேணும், சொல்லுங்க" என்பாள். அவர்கள் சொல்வதைக் கேட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிக் கத்துவாள். வண்டி நகர்ந்து அடுத்த ஜன்னலுக்குப் போனால் அங்கே வேறொரு பெண் பொட்டலத்தைக் கொடுப்பாள். ஒடீலியாவை யாரும் பார்ப்பதில்லை.

"நீ பொறந்ததுலேர்ந்தே இந்த வேலைதானே பார்க்குற" என்று அவள் கணவன் எலிசேயோ கிண்டல் செய்வான். அவன் ஏர்கண்டிஷனர் பழுது பார்க்கிறவன். வாயைத் திறந்தால் வம்புதான், ஆனால் இந்த விஷயத்தில் அவன் சொல்வது தப்பில்லை.

சான் அந்தோனியோ நகரத்தின் மேற்குப் பக்கத்தில் வளர்ந்த எவனையாவது நிறுத்தி, ராப் பாடகன் சனாத்தேயின் பாட்டு ஒன்று பாடு என்று கேட்டுப் பாருங்கள். ராப் வரிகளில் பாதியை விழுங்குவான். பல்லவி வந்ததும் கண்ணை மூடிக்கொள்வான், மீசை வைத்த ஆண்பிள்ளை வெட்கமே இல்லாமல் பெண் குரலில் இழுப்பான். அந்தப் பெண் குரல் ஒடீலியாவுடையது. சனாத்தே பாட்டு என்றால் அடிதடி, டெக்கீலா, தரையை உரசிக்கொண்டு போகிற பழைய கார், மறுபடி அடிதடி. நடுவே ஒரு பெண் கார் ஜன்னலில் சாய்ந்துகொண்டு கெஞ்சுவதுபோல நாலு வரி வரும். அந்த நாலு வரிக்காகத்தான் ஊர் பாட்டு வாங்கியது என்பது ஒடீலியாவின் கட்சி. குறுந்தட்டின் உறையைப் பிரித்தால் உள்ளே கடைசியில், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில் ‘குரல்: ஒடி' என்று இருக்கும். படம் கிடையாது.

சனாத்தே என்பது எங்கள் ஊர்ப் பறவை ஒன்றின் பெயர். கறுத்த உடம்பு, நீண்ட வால். சாயங்காலமானால் கடைத்தெரு மரங்களில் கும்பலாக உட்கார்ந்து காது கிழியக் கத்தும். ஹெனாரோ லெயாலுக்குச் சின்ன வயதிலேயே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள், அவ்வளவு வாய். அவனுடைய மாமாவின் டயர் கடையில்தான் முதல் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். பழைய டயர்களைத் தலைக்கு மேலே அடுக்கி, நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டு, அதற்குள் மைக்கைத் தொங்கவிட்டால் எதிரொலியே வராது. அந்த டயர்க் கிணற்றுக்குள் நின்று ஒடீலியா பாடியபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. இன்றைக்கும் வெயிலில் காயும் ரப்பர் வாசனை வந்தால் அவளுக்குத் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும்.

பிறகு கல்யாணம், குழந்தை, வேலை. ஹெனாரோவும் லாரி ஓட்டப் போனான். அவன் மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஒடீலியாதான் ஞானத்தாய். எங்களிடம் அது கூடப்பிறந்த உறவைவிடக் கனமானது. அன்றிலிருந்து அவன் அவளைக் கொமாத்ரே என்பான், அவள் அவனைக் கொம்பாத்ரே என்பாள், பேர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. பாட்டு நின்றுபோய் வருஷங்கள் ஆயின. ஆனால் மறுபடி என்றைக்காவது ஹெனாரோ பாடினால் பல்லவி தன்னுடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அந்த இடத்தை அவள் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹெட்போனில் மணி அடித்தது. ஆள் குரல் வருவதற்கு முன்னால் வண்டிக்குள்ளிருந்து பாட்டு வந்தது. ஹெனாரோவின் குரல். அது அவளுக்கு ஒரு சொல்லிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் இந்த ஹெனாரோ ஓடவில்லை. பழைய ஆள் மூச்சு விடாமல் கொட்டுவான், யாரோ துரத்துகிற மாதிரி. இவன் ஒவ்வொரு சொல்லையும் இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்சம் நின்றான். பின்னால் ஒற்றைக் கிட்டார். பல்லவி வரப்போகிறது என்று ஒடீலியாவின் தொண்டைக்குத் தெரிந்து, அவள் அறியாமலே வாயைத் திறந்தாள்.

பல்லவி வந்தது. வேறொருத்தி பாடினாள்.

"ரெண்டு மாட்டுத்தலைக் கறி டாக்கோ, ஒரு சிவப்பு சோடா" என்று வண்டிக்காரன் பாட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சொன்னான்.

அடுத்த வண்டியிலும் அதே ஆல்பம். அதற்கடுத்த வண்டியிலும். அன்றைக்குத்தான் வெளிவந்திருக்கிறது போல, மேற்குப் பக்கமே ஜன்னலை இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. மத்தியானம் பூராவும் ஒடீலியாவின் காதுக்குள் அந்த ஆல்பம் துண்டு துண்டாக விழுந்தது. ஒவ்வொருவனும் பல்லவி நடக்கும்போதுதான் வந்து நிற்பானா? என்ன கேட்டார்கள், என்ன கத்தினோம் என்றே தெரியவில்லை.

"அக்கா, என்ன இன்னிக்கு ஊர்ல ஒருத்தருக்கும் வெங்காயம் வேண்டாமா?" என்றாள் அடுப்படியில் நிற்கும் சாயோ. "எல்லாத்துலயும் வெங்காயம் இல்லாமன்னு கத்துறீங்க."

"வெங்காயம் தின்னா என்ன, தின்னாட்டி என்ன."

"சனாத்தேயோட புது ஆல்பம் கேட்டீங்களா? ‘வந்துட்டேன்'னு பேராம். பத்திரிகையில என்னமா எழுதியிருக்காங்க! முன்ன மாதிரி இல்லையாம், நல்ல முதிர்ச்சியாம்."

"முத்திப்போனா வெண்டைக்காயவே தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்கடி. கறியைத் திருப்பு, தீயுது."

சாயோ நல்ல பெண். திருப்பிக்கொண்டே, "உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருப்பாரே, இல்ல?" என்று வேறு கேட்டு வைத்தாள்.

சொல்லவில்லை. அதுதான் விஷயம். ஞானத்தாய்க்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள், எலிசேயோ வேலைக்கு எடுத்துப்போகும் சின்ன லாரிக்குள் உட்கார்ந்து முழு ஆல்பத்தையும் கேட்டாள். மோசமாக இருக்கும் என்ற நம்பிக்கையோடுதான் உட்கார்ந்தாள். மோசமாக இருந்திருந்தால் பெருந்தன்மையாக மன்னித்தும் இருப்பாள். பாவி நன்றாகச் செய்து வைத்திருந்தான். ஒரு பாட்டில், மாடிப்படி ஏறும்போது வலிக்கிற தன் முழங்காலைப் பற்றிப் பாடினான். இன்னொன்றில், இளவயதில் தான் அடித்துப் பல்லை உடைத்த ஒருவனிடம், பேர் சொல்லி, மன்னிப்புக் கேட்டான். கடைசிப் பாட்டு அவனுடைய அப்பாவைப் பற்றியது. சர்க்கரை வியாதியில் கால் அழுகிப் படுத்திருந்த கிழவருக்கு மகன் வெந்நீரில் கால் கழுவி விடுகிறான். தினமும் வேலை முடிந்து வாசலில் நின்று ‘வந்துட்டேன்' என்று குரல் கொடுக்கிற அப்பா, இனி எங்கேயும் போகவும் முடியாது, வரவும் முடியாது. அந்த ஒற்றைச் சொல்லைத்தான் பல்லவியில் அந்தப் பெண் திரும்பத் திரும்பப் பாடினாள். அடிக்குரலில், கரகரவென்று, அவசரமே இல்லாமல்.

ஒடீலியாவுக்குக் கண் நிறைந்தது. நிறைந்ததற்காக அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. அந்த அறை அவளுக்குத் தெரியும். அந்தக் கிழவருக்கு வாராவாரம் மாட்டெலும்பு சூப் காய்ச்சிக் கொண்டுபோனவள் அவள். வெந்நீர்ப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். பாட்டில் வெந்நீர் இருக்கிறது, துண்டு இருக்கிறது, ஜன்னல் திரையின் நிறம்கூட இருக்கிறது. அவள் மட்டும் இல்லை.

"நல்லாயிருக்கு" என்றான் எலிசேயோ.

"எது நல்லாயிருக்கு?"

"பாட்டு."

"பாட்டா? பாடுறவளா?"

எலிசேயோ கல்யாணமாகி நாளானவன். "எனக்குப் பாட்டைப் பத்தி என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

அந்தப் பெண்ணின் பெயர் இட்செல் கமரீயோ. ஊரின் வடக்குப் பக்கத்துப் பெண், காலேஜில் இசை படித்தவள். ஒட்ட வெட்டிய முடி, முகத்தில் பாதிக்குக் கண்ணாடி. ஒடீலியா கைபேசியில் அவள் வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். பாத்திரம் கழுவும்போது பார்த்தாள், பஸ்ஸில் பார்த்தாள், எலிசேயோவின் அக்கா வீட்டுக்கு விருந்துக்குப் போன இடத்திலும் மேசைக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். ஒரு பிசிறாவது கிடைக்காதா என்று தேடினாள். கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று கண்ணில் பட்டது. பல்லவியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் அந்தப் பெண் ஒரு சின்ன மூச்சை, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, வேண்டுமென்றே எடுத்தாள். அது ஒடீலியாவின் மூச்சு. டயர்களுக்கு நடுவில் புழுக்கம் தாங்காமல் அவள் எடுத்த மூச்சு, பிறகு அதுவே அவள் முத்திரையாகிப்போனது.

"திருட்டுக் கழுதை" என்றாள் மேசையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. எலிசேயோவின் அக்கா, சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் எல்லா வீட்டிலும் ரேடியோ, அறிவிப்பாளர் வீச்சோவின் நிகழ்ச்சிக்குத் திரும்பிவிடும். முழுக்கப் பழைய காதல் பாட்டுகள். கேட்கிறவர்கள் போன் போட்டு, இந்தப் பாட்டு இன்னாருக்கு என்று சொல்லலாம். ஜெயிலில் இருக்கிற புருஷனுக்கு, கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டிக்கு, செத்துப்போன அண்ணனுக்கு என்று பாட்டுகள் போகும். நேரில் திட்ட முடியாதவர்களைப் பாட்டு வைத்துத் திட்டுவதும் உண்டு. அதற்கு மட்டும் பேரை மாற்றிச் சொல்வார்கள். யார் யாரைச் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதில்தான் ஊருக்கே பொழுதுபோக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை எலிசேயோ வாசலில் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான், லாரியின் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஒடீலியா குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, போனை எடுத்தாள்.

"யார் பேசுறது?" என்றார் வீச்சோ.

"நான் பெர்த்தா. லாரெடோவுலேர்ந்து பேசுறேன்."

"லாரெடோவா? அவ்வளவு தூரத்துக்கு நம்ம ரேடியோ கேக்குதா பெர்த்தா?"

"கேக்குது, கேக்குது. கணீர்னு கேக்குது."

"ரொம்ப சந்தோஷம். பின்னால தண்ணி விழுற சத்தம் கேக்குதே, ஆத்தங்கரையில நிக்கிறியா?"

"ஆமா."

"சரி, பாட்டு யாருக்கு?"

ஒடீலியா மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஒரு கறுப்புப் பறவைக்கு. கூடு கட்டக் குச்சி பொறுக்கிக் குடுத்தவளை மறந்துட்டு எங்கேருந்தோ ஒரு குஞ்சைக் கூட்டியாந்து கூட்டுல உக்கார வச்சிருக்கு பாருங்க, அந்தப் பறவைக்கு. அப்புறம் அந்தக் குஞ்சுக்கும் சேர்த்து. ஜலதோஷம் சீக்கிரம் நல்லாகட்டும்னு சொல்லுங்க. ஒரு ஆல்பம் பூரா மூக்கடைச்சுக்கிட்டே பாடியிருக்கா, பாவம்."

வீச்சோவுக்கு இருமல் வந்தது. "என்ன பாட்டு போடட்டும்?"

"நன்றி கெட்டவங்களுக்கு ஏத்த மாதிரி ஏதாவது பழசு. நீங்களே பார்த்துப் போடுங்க."

"நானே பார்த்துப் போடுறேன் பெர்த்தா. லாரெடோவுல எல்லாரையும் கேட்டதாச் சொல்லு."

பாட்டு வந்தது. வீச்சோ பார்த்துத்தான் போட்டிருந்தார். சனாத்தேயின் முதல் பாட்டு. எடுத்த எடுப்பிலேயே பல்லவி. பத்தொன்பது வயது ஒடீலியா வாசல் ரேடியோவில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். ‘பெர்த்தா' பேசியதைக் கேட்ட அதே காதோடு ஊர் முழுக்க அதைக் கேட்டது. பேரை மாற்றத் தெரிந்தவளுக்குக் குரலை மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. இத்தனை வருஷம் யாருக்கும் தன் குரல் ஞாபகமில்லை என்று நினைத்து நினைத்துப் புழுங்கியவளுக்கு அது எப்படித் தோன்றும்?

வாசலில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. செருப்புச் சத்தம் வீட்டுக்குள் வந்து குளியலறை வாசலில் நின்றது.

"பெர்த்தா" என்றான் எலிசேயோ. "துண்டு வேணுமா?"

திங்கட்கிழமை கடையில் முதல் மணி அடித்ததும், "என்ன வேணும், சொல்லுங்க" என்றாள்.

"லாரெடோவுல வெயில் எப்படி?" என்றான் வண்டிக்காரன்.

அன்றைக்கு வந்த வண்டிகளில் பாதி அப்படித்தான். ஒரு கிழவி ஜலதோஷத்துக்கு ஏதாவது சூப் இருக்கிறதா என்று கேட்டாள். ஒரு போலீஸ்காரன், ஆமாம், சீருடை போட்ட போலீஸ்காரன், "நன்றி கெட்டவங்க சாப்பிடுற டாக்கோ ரெண்டு" என்றான். அடுப்படியில் சாயோ சட்டியைப் பார்ப்பதுபோலக் குனிந்து தோள் குலுங்கச் சிரித்தாள். ஒடீலியாவுக்கு மானம் போயிற்று. ஊரில் இத்தனை பேருக்குத் தன் குரல் தெரிந்திருக்கிறதே என்று ஒரு ஓரத்தில் இனித்தது. ஆனால் இனிக்கிற நேரமா அது? பொறாமைக்காரி என்று பட்டம் கட்டியாகிவிட்டதே.

மத்தியானக் கூட்டத்துக்கு நடுவில் மணி அடித்தது.

"கொமாத்ரே" என்றது ஹெட்போன்.

ஒடீலியா கடைக் குரலிலேயே கேட்டாள். "என்ன வேணும், சொல்லுங்க."

"உன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

"டாக்கோ, சோடா, சூப் இருக்கு. வார்த்தையெல்லாம் இங்க விக்கிறதில்லை."

"ஒடி." அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டது அவளுக்குச் சுரீரென்றது. "உன்னைக் கேக்காம செஞ்சிட்டேன். தப்புதான். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ஒளிஞ்சிக்கிட்டு இருந்தேன்."

"ஒளிய என்ன இருக்கு? புதுசா ஒருத்தி கிடைச்சா. இள ரத்தம். சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே."

"இள ரத்தம்னு எடுக்கலை. நம்பு. அப்பா பாட்டை எழுதினதும் முதல்ல உன் குரலைத்தான் வச்சுப் பார்த்தேன். பழைய பதிவையெல்லாம் எடுத்து, உன் பல்லவியை வெட்டி, இந்த மெட்டுல ஒட்டிப் பார்த்தேன். ஒட்டலை. உன் குரல் ரொம்பச் சின்னப் பொண்ணு குரல். கார் ஜன்னல்ல நிக்கிற பொண்ணு. இது சாகக் கிடக்கிறவர் பக்கத்துல உக்கார்ந்து பாடுற பாட்டு. அதுக்கு வயசான குரல் வேணும். அந்தப் பொண்ணுக்கு இருபத்து மூணுதான், ஆனா குரல் கிழவி மாதிரி இருக்கு."

ஒடீலியாவின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "பழைய பதிவுல பார்த்தியா? பழைய பதிவுலயா? ஏன்யா, உனக்கு மட்டும்தான் வயசாச்சா? உன் முழங்கால் வலிக்குது, அதைப் பாட்டா எழுதிட்ட. எனக்கு மட்டும் இன்னும் பத்தொன்பதா? நான் என்ன அந்த டயருக்குள்ளயே நின்னுக்கிட்டு இருக்கேனா?"

பின்னால் ஒரு வண்டி ஹார்ன் அடித்தது.

"இந்தப் பெட்டிக்குள்ள கத்திக் கத்தி, அடுப்புப் புகையைக் குடிச்சுக் குடிச்சு, இப்ப என் தொண்டை எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியுமா? கடைசியா நான் பாடி நீ எப்பக் கேட்ட? உங்கப்பா கேட்டாரு. நீ வண்டியை நிறுத்திட்டு வர்றேன்னு போவியே, அப்பல்லாம் ஒரு பாட்டு பாடும்மான்னு கேப்பாரு. அந்தக் கட்டில் பக்கத்துல உக்கார்ந்து பாடினவ நான். வயசான குரலைத் தேடினானாம்!"

இப்போது இரண்டு மூன்று ஹார்ன். என்ஜின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பாவுக்குப் பாடினியா?" என்றான் ஹெனாரோ.

"பாடினேன்."

"எனக்குத் தெரியாது." தொண்டையைச் செருமினான். "நேத்து ரேடியோவுல கேட்டேன். முதல்ல உன் மேல கோபமா வந்துச்சு. அப்புறம் நீ என்ன சொல்றேன்னே காதுல விழலை, குரல்தான் விழுந்துச்சு. இதைத்தானே ரெண்டு வருஷமாத் தேடினேன்னு தோணுச்சு. ஆல்பம் முடிஞ்சுபோச்சு, அதுல ஒண்ணும் பண்ண முடியாது. ஞாயித்துக்கிழமை ஏரிக்கரைப் பூங்காவுல பாடுறோம். வா."

"அவ வருவாளா?"

"வருவா. அது அவ பாட்டு ஒடி."

"என்ன வேணும், சீக்கிரம் சொல்லுங்க. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

"ஒரு டாக்கோ."

"வெங்காயம்?"

"போடு."

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் போவதில்லை என்றே இருந்தாள். போனால், பெர்த்தா வந்துட்டா என்று சிரிப்பார்கள். போகாவிட்டால், அந்தப் பல்லவி அன்றோடு அந்தப் பெண்ணுக்கே பட்டாவாகிவிடும். சிரிப்பு தாங்கக்கூடியது என்று முடிவு செய்தாள். பச்சைச் சட்டை, பெரிய வளையத் தோடு, கறுப்பு மை, எல்லாம் போட்டுக்கொண்டு, எலிசேயோவையும் கூட்டிக்கொண்டு போனாள்.

பூங்காவில் கார்கள் மூடியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நின்றன. மரத்துக்கு மரம் கறி சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நீளமான லாரி வண்டிதான் மேடை. அதன் பக்கத்தில் இட்செல் நின்றிருந்தாள். நேரில் பார்த்தால் இன்னும் சின்னப் பெண்.

"டோன்யா ஒடீலியா!" என்று ஓடி வந்தாள். பெரியவர்களைக் கூப்பிடுகிற மரியாதை அது, ஒடீலியாவுக்கு முதல் அடி அங்கேயே விழுந்தது. "உங்க பாட்டைக் கேட்டுத்தாங்க நான் பாடக் கத்துக்கிட்டேன். எங்கம்மா காருல எப்பப் பார்த்தாலும் நீங்கதான். எங்கம்மாவுக்கு நீங்கன்னா உயிர்."

"உங்கம்மாவைக் கேட்டதாச் சொல்லும்மா" என்றாள் ஒடீலியா. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் சிரிப்பு மாதிரி இருந்தது.

ஹெனாரோ பாடினான். முழங்கால் பாட்டில் ஜனங்கள் சிரித்தார்கள், மன்னிப்புப் பாட்டில் அமைதியானார்கள். இட்செல் பக்கத்தில் நின்று பல்லவிகளைப் பாடினாள். நன்றாகவே பாடினாள், அதை ஒடீலியா கறி சுடும் புகைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு வரியாக அனுபவித்தாள், ஒவ்வொரு வரியும் சுட்டது. கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஹெனாரோ மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது எங்கப்பா பாட்டு. இதை எங்கப்பாவுக்குப் பாடின ஒருத்தங்க இங்க இருக்காங்க" என்றான்.

"பெர்த்தா!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். பூங்கா முழுக்கச் சிரித்தது. ஒடீலியா சிரிப்புக்கு நடுவிலேயே நடந்து போய் மேடையில் ஏறினாள். எலிசேயோ கை கொடுத்து ஏற்றிவிட்டான்.

கிட்டார் தொடங்கியது. பல்லவி வந்தபோது அவள் குரலை மேலே கொண்டுபோகவில்லை, கொண்டுபோக முடியாது என்று அவளுக்குத் தெரியும். அடிக்குரலுக்கு இறங்கினாள். அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கண் அயர்கிறவரை எழுப்பிவிடாமல் பாடின இடத்துக்கு இறங்கினாள். ‘வந்துட்டேன்' என்றாள். கடைசிச் சொல்லுக்கு முன்னால் அந்த மூச்சை எடுத்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஐஸ் வண்டிக்காரன் மணியைக் கையால் பொத்திக்கொண்டான். ஹெனாரோ அடுத்த வரியை எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்கவில்லை, எடுக்க முடியவில்லை. கிட்டார்க்காரன் இன்னொரு சுற்று வாசித்தான், அவள் இன்னொரு முறை பாடினாள்.

முடிந்ததும் எழுந்த சத்தத்தில் அவள் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். இட்செல் கை தட்டிக்கொண்டிருந்தாள். உதடு சிரித்தது, கன்னம் சிரித்தது. கண்ணாடிக்குப் பின்னால் கண் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பார்வை ஒடீலியாவுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளாகக் கைபேசி வெளிச்சத்தில் தன் முகத்திலேயே இருந்த பார்வை. அவளுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை, உச்சந்தலை வரைக்கும் குளிர்ந்தது. ஜனங்கள் இன்னொன்று என்று கேட்டார்கள். இன்னொன்று பாடினாள். கேட்காமலே மூன்றாவதும் பாடினாள்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் ஒடீலியா சமையலறையில் மொச்சை கிண்டிக்கொண்டிருந்தாள். எலிசேயோ மேசையில் ஏதோ மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தான். ரேடியோவில் வீச்சோ, "அடுத்து யார் பேசுறது?" என்றார்.

"நான் ஓல்கா" என்றது ஒரு பெண் குரல். அடிக்குரல், கரகரப்பு. "டெல் ரியோவுலேர்ந்து பேசுறேன்."

ஒடீலியாவின் கரண்டி நின்றது. எலிசேயோ தலையைத் தூக்கினான்.

"டெல் ரியோவா!" என்றார் வீச்சோ. "வர வர நம்ம ரேடியோ எல்லா ஊருக்கும் போகுது. பாட்டு யாருக்கும்மா?"

"ஒரு அம்மாவுக்கு. பாட்டுக்கு வான்னு கூப்பிட்டா, ஒண்ணு பாடிட்டு இறங்கத் தெரியாம மேடையையே எழுதி வாங்கிக்கிட்டுப் போறவங்களுக்கு."

"ஐயையோ, அப்படியும் இருக்காங்களா? என்ன பாட்டு போடட்டும்?"

குரல் தாழ்ந்து வந்தது, கோபம் மட்டும் போகவில்லை.

"அவங்க பாட்டையே போடுங்க. பழசு. எங்கம்மா காருல கேட்டது."

‘கேட்டது' என்ற கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு. ரேடியோவில்கூடத் தெளிவாகக் கேட்டது.

எலிசேயோ மனைவியின் முகத்தைப் பார்த்தான். என்ன வரப்போகிறதோ என்று மோட்டாரைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். ஒடீலியா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள்.

"ஜலதோஷம் போயிடுச்சு" என்றாள்.